கொளுத்தும் வெயிலும் காட்டு விலங்குகளும்: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செய்தியில் சொல்லும் வெப்பநிலையை வைத்தே காட்டு விலங்குகளின் கதியை முடிவு கட்டிவிடுகிறோம். மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. வானிலை நிலையத்து வெப்பமானி, காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் நிழலில் இருக்கிறது. விலங்குகள் இருப்பதோ பாறை இடுக்கில், மரப்பொந்தில், வளையில், ஓடைக்கரையில். நாலடி தள்ளிப் போனாலே வெயில் வேறு, ஈரம் வேறு. இதைத்தான் நுண்காலநிலை என்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் கோவாலாவைப் பாருங்கள். கடும் வெயில் நாளில் அது கிளையில் சாய்ந்து உட்காராது. கீழே இறங்கி வந்து, தடித்த அடிமரத்தைக் கைகால்களால் கட்டிக்கொண்டு, வயிறும் தொடையும் பட்டையில் படியக் கிடக்கும். 2014இல் வெளியான விக்டோரியா மாநில ஆய்வொன்று இதற்குக் காரணம் சொன்னது. சில மரங்களின் தண்டு, காற்றைவிட 5 டிகிரிக்கு மேல் குளிர்ந்திருந்தது. உடல் சூட்டை மரத்துக்குக் கடத்திவிட்டால், மூச்சிரைத்து இழக்கும் உடம்பின் நீர் வெகுவாகக் குறையும்.

இன்னொன்றும் தெரியவந்தது. அது கட்டிப்பிடித்த மரங்களில் மிகக் குளிர்ந்தது, அதன் உணவான யூகலிப்டஸ் அல்ல, சீகை (வாட்டில்) மரம். ஆகவே, ஒரு விலங்கு எதைத் தின்கிறதோ அந்த மரத்தை மட்டும் நட்டுவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பது தவறு. சாப்பாடு ஒரு மரத்தில், அடைக்கலம் இன்னொரு மரத்தில் இருக்கலாம்.

சரி, நிழல் நல்லதுதானே, எங்கும் மரம் நடுவோம் என்று கிளம்பினால் அது இன்னும் பெரிய தவறு. ஆங்கிலேயர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்த சீகையும் இதே மரம்தான். இங்கே அது புல்வெளிகளை விழுங்கிவிட்டது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழுந்து புல்வெளி வெளுத்துக் கிடக்கும்போதும், பக்கத்துப் பள்ளத்துச் சோலைக்காட்டுக்குள் அந்தக் கடுங்குளிர் இருக்காது. கருமந்திக்கு அந்தச் சோலை வேண்டும். வரையாட்டுக்குத் திறந்த புல்வெளியும் செங்குத்துப் பாறையும் வேண்டும். இரண்டும் அடுத்தடுத்து இருப்பதுதான் அந்த மலையின் பலம். புல்வெளியைத் தரிசு என்று நினைத்து மரம் நட்டால் அந்தப் பலம் போய்விடும்.

'சூடு கூடினால் விலங்குகள் மலையில் மேலே ஏறிவிடும்' என்பதும் பாதி உண்மைதான். வட அமெரிக்க மலைகளில் வாழும் பைக்கா, முயலின் சின்ன உறவு. ஒதுங்க இடமில்லாமல் 30 டிகிரி வெயிலில் சில மணி நேரம் மாட்டிக்கொண்டால் செத்துப்போகும். அப்படிப்பட்ட விலங்கு, அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில், கிட்டத்தட்டக் கடல்மட்ட உயரத்திலும் வாழ்கிறது. பாசி போர்த்திய கற்குவியலுக்குள் குளிர்ச்சி தங்குகிறது. பாசியே அதற்கு உணவும் ஆகிறது. அப்புறம், வெப்பத்தை மட்டும் கணக்கில் எடுப்பதும் சரியல்ல. உயரமான மலைகளில் குளிர்காலப் பனிப்போர்வைதான் பாறை இடுக்குகளைக் கடுங்குளிரிலிருந்து காக்கிறது. பனி குறைந்தால், வெப்பமாகிவரும் பூமியிலேயே பைக்கா குளிரில் மாட்டிக்கொள்ளும்.

நுண்காலநிலை எல்லாவற்றையும் சமாளித்துவிடும் என்று நம்பிவிடவும் கூடாது. 2018 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் பகுதியில் வெப்பம் 42 டிகிரியைத் தாண்டியபோது, 20,000க்கும் மேற்பட்ட பழந்தின்னி வௌவால்கள் மரத்திலிருந்து கொத்துக்கொத்தாக விழுந்து செத்தன. அத்தனை சூட்டில் மர நிழல் போதவில்லை. பூமியைச் சூடாக்கும் புகையைக் குறைக்கும் வேலைக்கு மரநிழல் மாற்றாகாது.

கடைசித் தவறு, பட்ட மரம்தானே என்று வெட்டிவிட்டு, அதன் பொந்துக்கு ஈடாக விலங்குகள் தங்க ஒட்டுப்பலகைப் பெட்டியைக் கட்டித் தொங்கவிடுவது. தடித்த மரச்சுவருக்குள் இருக்கும் பொந்து பகலில் மெதுவாகத்தான் சூடேறும். மெல்லிய பலகைப் பெட்டி உச்சி வெயிலில் சீக்கிரமே கொதிக்கும். யூகலிப்டஸ் மரத்தில் நல்ல பொந்து விழ நூறு ஆண்டுக்கு மேலும் ஆகும். பெட்டி வைத்தே தீர வேண்டும் என்றால், கெட்டிச் சுவராக, வெளிர் நிறத்தில், மாலை வெயில் படாத பக்கமாக வையுங்கள். உள்ளே ஒரு வெப்பமானியும் இருக்கட்டும்.