கணவன் மனைவிக்கு ஒரே ஆவணக் களஞ்சியம்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் பத்திரம், மசேநி (மத்திய சேம நிதி) அறிக்கை, பிள்ளையின் தடுப்பூசிப் பதிவு எல்லாம் ஒருவர் கணினியில் மட்டும் கிடந்தால், அவர் ஜொகூர் போன அன்றுதான் மற்றவருக்குத் தேவைப்படும்.

ஆவணச் செயலியின் தரவுத்தளக் கோப்பை அப்படியே டிராப்பாக்ஸிலோ கூகுள் டிரைவிலோ போடாதீர்கள். இத்தகைய செயலிகள் பல பயன்படுத்தும் எஸ்கியூலைட் (SQLite) தரவுத்தளம், மாற்றங்கள் நடக்கும்போது அவை தொடர்பான தகவலைப் பக்கத்திலுள்ள தற்காலிகக் கோப்பிலும் எழுதும். மேகச் சேவை இரண்டையும் வெவ்வேறு நொடியில் நகலெடுத்தால் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இருவரும் ஒரே நேரத்தில் திறந்தால் இன்னும் மோசம். செயலிக்குள்ளேயே ஒத்திசைவு வசதி இருந்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள்.

இல்லையா? வெறும் பிடிஎஃப் கோப்புறையே போதும். "2025-03-14 வரி மதிப்பீடு" என்று தேதியை முன்னால் வைத்துப் பெயரிட்டால் தானாக வரிசைப்படும்.

கூகுள் டிரைவில் கோப்புறையைப் பகிர்ந்து வாழ்க்கைத் துணைக்கு 'எடிட்டர்' அனுமதி கொடுங்கள். யார் ஏற்றினாரோ அவருடைய இலவச 15 ஜிபியில்தான் கணக்காகும். அதனால் ஸ்கேன் செய்யும் வேலையை இடம் அதிகம் உள்ளவரிடம் விடுவது நல்லது.

மேகம் வேண்டாம் என்றால், கணினிகளுக்கிடையே நேரடியாகக் கோப்புகளை ஒத்திசைக்கும் சின்க்திங் (Syncthing) செயலி. இரு கணினிகளும் ஒரே நேரத்தில் இயங்கினால்தான் மாற்றம் போய்ச் சேரும். இங்கே அழித்தது அங்கேயும் அழியும். ஆகவே இரு கணினிகளிலும் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதியை இயக்கி, மாதம் ஒருமுறை வெளி வட்டில் தனி நகலும் எடுங்கள்.

அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கடவுச்சொல்லை மட்டும் இதில் போடாதீர்கள். கட்டிய மனைவிக்கும் அது கிடையாது.