மேட்டில் இழுக்காத பழைய கார்: எங்கே பார்ப்பது?

கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும்போது இரண்டாம் கியரிலும் வண்டி இழுக்காமல், அக்சிலேட்டரை மிதித்ததும் மூச்சுப் பிடித்தது போல் திக்குகிறதா? உடனே பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைப் பிரித்துவிடாதீர்கள். எப்போது திக்குகிறது என்று முதலில் கவனியுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது.

காலைப் பனிமூட்டத்தில் மட்டும் என்றால் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து ஈரம் இருக்கிறதா, தலைமுடி போல விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். எனக்குப் பல தடவை காய்ந்த துணியால் துடைத்ததிலேயே சரியாகியிருக்கிறது.

மிதிக்கும் அந்த நொடியில் மட்டும் என்றால் சந்தேகம், மிதித்ததும் கொஞ்சம் கூடுதல் பெற்றோல் பீய்ச்சும் அக்சிலேட்டர் பம்ப் மேல். எஞ்சினை நிறுத்தி நன்றாக ஆறவிட்டு, எயார் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி கையால் திராட்டிலை, அதாவது அக்சிலேட்டர் திறக்கும் அந்தத் தகட்டை, திறங்கள். பெற்றோல் நூல் மாதிரி உடனே பீய்ச்ச வேண்டும். வெறுமனே சொட்டினால் பம்பின் டயபிரம் (சவ்வு) கிழிந்திருக்கலாம், இல்லை துளை அடைத்திருக்கலாம். பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்க வேண்டாம், தயவுசெய்து.

நீண்ட மேட்டில் போகப்போகச் சோர்ந்தால் பெற்றோல் ஃபில்டரை மாற்றுங்கள், பழைய டாங்கின் துரு அங்கேதான் சேரும்.

அப்புறம் எஞ்சினுக்குள் பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளுத்திருந்தால் காற்று அதிகம், எஞ்சினின் உறிஞ்சலோடு இணைந்த சிறு வாக்யூம் குழாய்களில் வெடிப்பைத் தேடுங்கள். கரி பிடித்திருந்தால் பெற்றோல் அதிகம். ஆனால் நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி அங்கே ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் டியூன் செய்த கார்புரேட்டர் அங்கே கொஞ்சம் கரி தள்ளத்தான் செய்யும்.