டெலஸ்கோப்பிக் ஏணி: ஏறும் முன் இரண்டு பக்கமும் பாருங்கள்

சுருக்கி வைத்தால் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்ளும், இழுத்தால் மூன்று நான்கு மீட்டருக்கு நீளும். டெலஸ்கோப்பிக் ஏணியை வாங்க இந்த வசதி ஒன்றே போதும். ஆனால் சாதாரண ஏணியைப் போல இதன் கால்கள் ஒரே நீளக் குழாய் அல்ல. ஒவ்வொரு படியிலும் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நிற்கிறது. அது உள்ளே நழுவாமல் தடுப்பவை இரண்டு சின்னப் பின்கள்: இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. நம் எடை முழுவதையும் அவைதான் தாங்குகின்றன.

1. விரிக்கும் முன் ஏணியைச் சுற்றிப் பாருங்கள். குழாயில் நசுங்கல், படியில் வெடிப்பு, அடி ரப்பரில் தேய்மானம் இருக்கிறதா? நசுங்கிய குழாயைத் தட்டி நிமிர்த்தாதீர்கள், அந்த ஏணியில் ஏறவும் வேண்டாம்.

2. சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு படியாக இழுங்கள். பூட்டும் சத்தம் இரு பக்கமும் கேட்க வேண்டும். சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள், கண்ணாலும் பாருங்கள். சில மாடல்களில் பூட்டியதும் சிவப்பு மறைந்து பச்சை தெரியும். ஒருமுறை என் ஏணியில் நான்காம் படியின் வலப்பக்கப் பொத்தான் (பூட்டும் பின்னை விடுவிப்பது) மட்டும் பாதி உள்ளேயே நின்றது. குனிந்து பார்த்தால், அரிசி அளவு காய்ந்த பெயின்ட் துளி. இடப்பக்கம் பூட்டியிருந்ததால் படி கையால் அசைத்தபோது கெட்டியாகத்தான் இருந்தது. ஏறியிருந்தால் வலப்பக்கம் அப்படியே இறங்கியிருக்கும். அன்றிலிருந்து கீழிருந்து மேல் வரை ஒவ்வொரு பொத்தானையும் விரலால் தொட்டுப் பார்க்காமல் நான் ஏறுவதில்லை. அரை நிமிட வேலைதான்.

3. சரி, இப்போது சாய்ப்போம். நான்குக்கு ஒன்று என்பது கணக்கு. ஏணி சுவரைத் தொடும் இடம் 3.6 மீட்டர் உயரம் என்றால், அடிப்பகுதி சுவரிலிருந்து 90 செ.மீ. தள்ளி இருக்கட்டும். தரை ஈரமாகவோ சரிவாகவோ இருந்தால் இடத்தை மாற்றுங்கள்; ஒரு காலுக்கடியில் செங்கல் வைத்துச் சமாளிக்காதீர்கள். அலுமினியத்தில் மின்சாரம் பாயும், அதனால் மின்கம்பி போகும் இடத்துக்கு இந்த ஏணியைக் கொண்டே போகாதீர்கள்.

4. ஏறும்போது முகம் ஏணியைப் பார்த்தபடி, இரு கால் ஒரு கை அல்லது இரு கை ஒரு கால் எப்போதும் ஏணியில் இருக்கட்டும். மேலே உள்ள மூன்று படிகளில் நிற்கக் கூடாது. எட்டவில்லை என்றால் பக்கவாட்டில் வளையாமல் இறங்கி ஏணியை நகர்த்துங்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 131-இன்படி தாங்கும் எடை 150 கிலோ. அதில் நம் எடையோடு கையில் உள்ள கருவிகளும் சேர்த்திதான்.

5. விரல் நசுங்குவது பெரும்பாலும் சுருக்கும்போதுதான். பொத்தானை அழுத்தியதும் மேல்படி சட்டென்று கீழே விழும். கட்டைவிரல்கள் பொத்தானில், மற்ற விரல்கள் குழாய்க்கு வெளிப்புறம். படிகளுக்கு நடுவே கை போகவே கூடாது. எந்தப் படியிலிருந்து தொடங்குவது என்பது மாடலுக்கு மாடல் மாறும், ஏணியில் ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள்.

6. அப்புறம் பராமரிப்பு. வேலை முடிந்ததும் முழுக்க நீட்டி, ஈரத்துணியால் குழாய்களைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் சுருக்குங்கள். இறுக்கமாக இருக்கிறதே என்று எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். அதில் தூசியும் மணலும் ஒட்டி உப்புக்காகிதம் போல் குழாயைத் தேய்க்கும், பூட்டும் பின்களும் சிக்கிக்கொள்ளும். துடைத்த பிறகும் இறுகினால், தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால் மட்டும், காய்ந்துவிடும் சிலிகான் ஸ்பிரேயை லேசாக அடித்துத் துணியால் வழித்தெடுங்கள். வார்ப்பட்டையால் கட்டி, மழை படாத இடத்தில் நிறுத்தி வையுங்கள். அதன்மேல் எந்தப் பாரமும் ஏற்ற வேண்டாம்.