பழைய புள்ளிப் பட்டியலை வைத்து கிளப் வரலாறு எழுதுவது எப்படி?

இங்கிலாந்து கால்பந்து கிளப் ஒன்றின் வரலாற்றைத் தொகுக்க உட்கார்ந்தால் முதலில் கையில் எடுப்பது சீசன் முடிவுப் புள்ளிப் பட்டியலைத்தான். அதில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால் வருபவை: அந்தக் காலத்துப் பட்டியலை இந்தக் காலத்து விதியால் படிப்பது.

முதலில் ஆண்டைப் பாருங்கள். 1981-82 சீசனிலிருந்துதான் அங்கே வெற்றிக்கு 3 புள்ளி. அதற்கு முன்பு 2. சமப் புள்ளியில் நிற்கும் அணிகளைப் பிரிக்க கோல் வித்தியாசம் வந்தது 1976-77-இல். அதுவரை கோல் சராசரி, அதாவது அடித்த கோலை வாங்கிய கோலால் வகுத்து வரும் எண்.

1923-24 சீசனில் 'முதல் டிவிஷன்' எனப்பட்ட உச்ச அடுக்கைப் பாருங்கள். ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் 23 வெற்றி, 11 டிரா, 8 தோல்வி; கோல் 60-33. கார்டிஃப் சிட்டி 22 வெற்றி, 13 டிரா, 7 தோல்வி, கோல் 61-34. இரண்டுக்கும் 57 புள்ளி. வகுத்தால் 1.818, 1.794. ஹடர்ஸ்ஃபீல்டு சாம்பியன். 'கோல் வித்தியாசம் இரண்டுக்கும் 27, கூடுதலாக ஒரு கோல் அடித்தது கார்டிஃப். இன்றைய விதிப்படி கோப்பை அவர்களுக்குத்தான்' என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். விதியில் பாதியை மட்டும் மாற்றிப் போட்ட கணக்கு அது. வெற்றிக்கு 3 புள்ளியும் கொடுத்துப் பாருங்கள்: ஹடர்ஸ்ஃபீல்டு 80, கார்டிஃப் 79. மாற்றிப் பார்ப்பதென்றால் முழுசாக மாற்ற வேண்டும், இல்லையேல் தொடவே கூடாது.

அடுத்தது கூட்டல் சோதனை. ஐந்து நிமிட வேலை. தட்டச்சுப் பிழை அநேகமாக இதிலேயே மாட்டும். எல்லா அணிகளின் வெற்றியையும் கூட்டினால் தோல்விகளின் கூட்டுத்தொகை வர வேண்டும். அடித்த கோல், வாங்கிய கோலும் அப்படித்தான். டிரா வரிசையின் கூட்டுத்தொகை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். பழைய 2 புள்ளி முறையில் 22 அணிகள் என்றால் 462 ஆட்டம், மொத்தம் 924 புள்ளி. ஒன்றுகூட அதிகமாகாது, குறையாது. இன்றைய பிரீமியர் லீக்கில் 20 அணிகள், 380 ஆட்டம். ஆட்டத்துக்கு 3 புள்ளி வீதம் வரும் 1,140-இலிருந்து டிராவான ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கழித்தால் மொத்தப் புள்ளி வரும். டிரா வரிசையின் கூட்டுத்தொகையைப் பாதியாக்கிக் கழியுங்கள். ஒவ்வொரு டிராவும் அங்கே இரண்டு முறை பதிவாகியிருக்கும்.

மொத்தம் சிறிதளவு குறைந்தால் உடனே திருத்தாதீர்கள். புள்ளி பறிக்கப்பட்டிருக்கலாம். 1996-97-இல் மிடில்ஸ்பரோ பிளாக்பர்னுடனான ஆட்டத்துக்குப் போகாததால் 3 புள்ளி இழந்தது. 10 வெற்றியும் 12 டிராவும் சேர்ந்தால் 42. பட்டியலில் இருப்பது 39. 41 புள்ளி எடுத்த கோவென்ட்ரி தப்பியது, மிடில்ஸ்பரோ கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. இப்படிப்பட்ட இடத்தில் புள்ளியை மட்டும் எழுதிவிட்டுப் போகாமல் பறிப்பையும் அதே வரியில் குறியுங்கள்.

டிவிஷன் பெயர் அடுத்த கண்ணி. 1992 வரை 'முதல் டிவிஷன்' என்றால் உச்ச அடுக்கு. அந்த ஆண்டு பிரீமியர் லீக் வந்ததும் அதே பெயர் இரண்டாம் அடுக்குக்குப் போனது. 2004-இல் அதுவே சாம்பியன்ஷிப் ஆனது. இன்றைய 'லீக் ஒன்' மூன்றாம் அடுக்கு. எனவே பெயருக்குப் பக்கத்தில் அடுக்கு எண்ணுக்கென்று தனி வரிசை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். இது இல்லாமல் வரைந்த ஏற்ற இறக்க வரைபடம் எதுவும் நம்பத்தக்கதல்ல.

கிளப்பின் பெயரும் மாறும். மான்செஸ்டர் யுனைடெட் 1902 வரை நியூட்டன் ஹீத். மான்செஸ்டர் சிட்டி 1894 வரை ஆர்ட்விக். பழைய பட்டியலில் உள்ள பெயரை அப்படியே வைத்து, இன்றைய பெயரைத் தனியாகக் கொடுப்பதே சரி. பெயர் மட்டும் மாறினால் வரலாறு தொடரும்; சிக்கல் வருவது கிளப்பே ஊர் மாறும்போது. விம்பிள்டன் 2003-இல் மில்டன் கீன்ஸுக்குப் போய், 2004-இல் எம்.கே. டான்ஸ் ஆனது. அதற்கு முன்பே, 2002-இல், ரசிகர்கள் ஏஎஃப்சி விம்பிள்டனைத் தொடங்கியிருந்தார்கள். 2007-இல் பழைய கோப்பைகளும் நினைவுப் பொருள்களும் விம்பிள்டன் அமைந்துள்ள மெர்ட்டன் பகுதிக்குத் திரும்பின. ஆகவே விம்பிள்டன் வென்ற 1988 எஃப்.ஏ. கோப்பையை எம்.கே. டான்ஸின் பக்கத்தில் எழுத வேண்டாம்.