பழைய மாருதி 800: செலவு பண்ணலாமா, கொடுத்துவிடலாமா?

"இன்ஜின் போச்சு, தள்ளிவிடுங்க" என்று மெக்கானிக் சொன்னதும் பலர் வண்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். 800-இல் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். நல்ல லேத் பட்டறை இருக்கும் எந்த ஊரிலும் அதைச் சரிசெய்யலாம். அடித்தளம் துருவேறிப் போனால்தான் கஷ்டம். அதனால் பாடியை முதலில் பாருங்கள்.

1. துரு

தேவை: ஸ்க்ரூடிரைவர், டார்ச், துணி சுற்றிய சின்னக் காந்தம்.

முன் சீட்டுப் பக்கத்து மேட்டையும் அடியில் உள்ள ஃபெல்ட்டையும் முழுசாகத் தூக்குங்கள். ஃபெல்ட் ஈரமாக இருந்தால் அடியில் துரு இருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் தகட்டை அழுத்துங்கள். நல்ல தகடு அசையாது. கெட்டது பொரபொரவென்று உதிரும், சில வண்டிகளில் ஓட்டை வழியாகத் தரையே தெரியும். அப்புறம் கதவுக்குக் கீழே ஓடும் சில், ஜாக் வைக்கும் இடம், பேட்டரி தட்டு (ஆசிட் வழிந்து அரித்திருக்கும்), கடைசியாகப் பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட் மவுண்ட் (முன் சஸ்பென்ஷனின் மேல்முனை பாடியில் பிடிக்கும் இடம்). காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள்.

தளத்தில் உள்ளங்கை அளவு ஓட்டை என்றால் டிங்கர் புதுத் தகடு வைத்து வெல்ட் செய்துவிடுவார். ஸ்ட்ரட் மவுண்டோ, பின் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடமோ அரித்திருந்தால் இதோடு நிறுத்துங்கள். இன்ஜினைப் பார்க்கத் தேவையில்லை, 5-ஆம் படிக்குப் போகலாம்.

2. புகை

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல்தான். அதற்காக இன்ஜினைப் பிரிக்கவிடாதீர்கள். ஓடும்போதெல்லாம் நீலப் புகை என்றால் பிஸ்டன் ரிங்கோ, போரோ (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) தேய்ந்திருக்கலாம். விடாத வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் குமிழி, பால் கலந்த காபி நிறத்தில் ஆயில் என்றால் ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும்.

3. கம்ப்ரஷன்

இன்ஜின் சூடாக இருக்கும்போது மூன்று பிளக்கையும் கழற்றுங்கள். காயில் இணைப்பை எடுத்துவிடுங்கள். எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள) வண்டியில் பெட்ரோல் பம்ப் ஃபியூசையும் எடுக்க வேண்டும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் பிளக் துளையிலும் கம்ப்ரஷன் கேஜ் (அழுத்தமானி) வைத்துப் பாருங்கள். மிதிக்க மறந்தால் காற்றுப் போதாமல் நல்ல இன்ஜினும் குறைவாகக் காட்டும். இந்தத் தவறால் தேவையில்லாமல் இன்ஜினைப் பிரித்து ஓவர்ஹால் செய்ய நேரலாம்.

மூன்றுக்கும் இடையே 15 பி.எஸ்.ஐ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் அல்லது போர். ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கட்.

போர் தேய்ந்திருந்தால் ஸ்டாண்டர்டு 68.5 மி.மீ. போரை ரீபோர் செய்து (கடைந்து அகலமாக்கி) 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். முன்பே 0.50 போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள்; போட்டிருந்தால் மறுபடி கடைய முடியாமல் போகலாம். ஹெட்டைக் கழற்றினால் அது வளைந்திருக்கிறதா என்று ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காமல் புதுக் கேஸ்கட் போட்டால் அதுவும் போய்விடும்.

வேறு இன்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் புது எண்ணைப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையில் மாட்டுவீர்கள்.

4. கணக்கு

டிங்கர், பெயின்ட், லேத், பாகம், கூலி எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வாங்கி, மேலே கால் பங்கு சேருங்கள். பிரித்த பிறகு ஏதாவது ஒன்று கிளம்பும். ஆர்.சி. புதுப்பிப்பு, பசுமை வரி, இன்சூரன்சையும் கூட்டுங்கள். 2010 ஏப்ரலோடு சென்னை உட்பட 13 நகரங்களில் 800 விற்பனை நின்றுவிட்டதால், சென்னையில் புதிதாக வாங்கிய எல்லா 800-ம் 15 வருடம் தாண்டியவை. ஆர்.சி.யை இனி ஐந்தைந்து வருடமாகத்தான் புதுப்பிக்க முடியும்.

மொத்தம், அதே வருட நல்ல 800-இன் விலைக்குள் இருந்தால் செய்யுங்கள். தாண்டினால், அப்பா வாங்கிய வண்டி மாதிரிக் காரணம் இருந்தால் மட்டும். விற்கும்போது அந்தப் பணம் திரும்பாது.

5. கொடுப்பதானால்

காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வராதீர்கள். ஆர்.சி. உங்கள் பெயரிலேயே இருக்கும். அந்த எண்ணில் வேறு வண்டி ஓடினால் போலீஸ் உங்களைத்தான் தேடும். பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்து, வண்டியை ஒப்படைத்ததற்கான டெபாசிட் சான்றிதழ் வாங்குங்கள். அதைக் காட்டினால் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. ஆர்.சி. ரத்தானதை வாகன் (அரசின் வண்டிப் பதிவு) இணையதளத்தில் நீங்களே பார்த்து உறுதிசெய்த பிறகு இன்சூரன்சை நிறுத்துங்கள்.