பனிக்காலத்தில் லேன் அசிஸ்ட்: கேமரா இருக்கும் இடத்தைக் கவனியுங்கள்
கனடா குளிரில் லேன் கீப்பிங் அசிஸ்ட் (கார் சாலைக் கோட்டைத் தாண்டாமல் ஸ்டியரிங்கைத் திருப்பிவிடும் வசதி) திடீரென்று நின்றால் உடனே சர்வீஸுக்கு ஓட வேண்டாம். பெரும்பாலான கார்களில் அதன் கேமரா முன்கண்ணாடியின் மேல்பகுதியில், ரியர்வியூ மிரருக்குப் பின்னால் இருக்கும். அங்கே பனி படிந்தால் கேமராவுக்குக் கோடு தெரியாது; கண்ணாடிப் பனியை உருக்கும் டிஃப்ராஸ்டரின் சூடு அங்கே தாமதமாகத்தான் எட்டும். கிளம்பும் முன் டிஃப்ராஸ்டருடன் ஏசியையும் போடுங்கள், உள்பக்க ஈரம் வற்றும். கூரைப் பனியையும் தள்ளிவிடுங்கள்; பிரேக் போட்டால் சரிந்து கேமராவை மூடிவிடும். கண்ணாடியில் வெந்நீர் ஊற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். கண்ணாடி விரிசல் விட்டால் மாற்றும் செலவோடு கேமரா காலிபரேஷன் (கேமராவை மறுபடி துல்லியமாகச் சரிசெய்வது) செலவும் சேரும். வாஷர் திரவம் மைனஸ் 40 டிகிரி தாங்குவதாக இருக்கட்டும்.

கோடு பனியில் மறைந்தால் அசிஸ்ட் பேசாமல் இருந்துவிடும், பரவாயில்லை. உப்புக் கறையையோ தார் பூசிய விரிசலையோ கோடென்று எண்ணி ஸ்டியரிங்கை இழுப்பதுதான் வம்பு. வழுக்கும் சாலையில் அசிஸ்டை அணைத்துவிடுங்கள். சில கார்களில் மறுபடி ஸ்டார்ட் செய்தால் தானாகவே ஆன் ஆகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.