குமிழ் இல்லாத குமிழ்க்கோரை: அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலர்த்திய செடிகளின் காப்பகமான ஹெர்பேரியத்துக்குப் புதிதாக வருபவர்கள் புல்போஸ்டைலிஸ் ஹிஸ்பிடுலா என்ற கோரையை ஃபிம்பிரிஸ்டைலிஸ் என்ற இன்னொரு கோரைப் பேரினத்தின் அடுக்கில் கொண்டுபோய் வைப்பதைக் காணும்போதெல்லாம், அதே அடுக்கில் அதே செடியை நானும் ஒருகாலத்தில் வைத்தது நினைவுக்கு வருகிறது. கோரையைப் புல்லென்று எண்ணுவது போன்ற பிழைகள் ஒரு வாரத்தில் தாமே மறைந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

குமிழை மட்டும் நம்புவது

வெப்பமண்டல ஆப்பிரிக்காவின் மணற்பாங்கான நிலங்களில் வளரும் இந்தக் கோரை, நூல் போன்ற தண்டும் மயிரிழை போன்ற இலைகளும் கொண்டது. செடியை அடையாளம் காண உதவும் கேள்வி வரிசைகளான திறவுகோல்கள் வழக்கமாகக் கேட்பது ஒன்றுதான்: முதிர்ந்த கொட்டையின் (சிறு கனியின்) உச்சியில் சூல்தண்டின் (சூலகத்தின் மேலுள்ள காம்பின்) அடிப்பகுதி சிறு குமிழாக எஞ்சியிருந்தால் புல்போஸ்டைலிஸ், முழுவதும் உதிர்ந்திருந்தால் ஃபிம்பிரிஸ்டைலிஸ். பேரினத்தின் பெயரே அந்தக் குமிழைக் குறித்ததுதான். ஆனால் இந்தச் சிற்றினத்தில் குமிழ் சூல்தண்டோடு சேர்ந்தே உதிர்ந்துவிடுகிறது. கென்யக் கடற்கரையில் சேகரித்த செடிகளை ஒட்டிய நாற்பது தாள்களுக்கு அந்த ஒரு கேள்வியை வைத்தே பெயர்ச்சீட்டு எழுதி, இரட்டைப் படிகளை வெளியூர்க் காப்பகங்களுக்கும் அனுப்பிவிட்டேன்; திருத்தக் கடிதங்கள் எழுதி முடிக்க நான்கு மாதங்கள் ஆயின. என் கையில் தந்த திறவுகோலில் இந்த விதிவிலக்குக்கு ஒரு வரிகூட இல்லை என்பது இன்றும் எரிச்சலூட்டுகிறது.

இந்தக் குழப்பம் பழையது. 1805இல் வெளியான நூலில் தாவரவியலாளர் வால் (Vahl) இதை ஸ்கிர்பஸ் என்ற கோரைப் பேரினத்தில் வைத்தார். தாவரவியலாளர் குந்த் 1837இல் புல்போஸ்டைலிஸ் பேரினத்தை நிறுவிய அதே நூலில், இதை ஃபிம்பிரிஸ்டைலிஸில் சேர்த்தார். 1983இல்தான் தாவரவியலாளர் ஹெய்ன்ஸ் இதைப் புல்போஸ்டைலிஸுக்கு மாற்றினார். கொட்டைக்குள் இருக்கும் கருவின் அமைப்பு புல்போஸ்டைலிஸோடுதான் ஒத்துப்போகிறது. கருவை அறுத்துப் பார்க்க வசதியில்லாதவர்கள் இலையுறையின் (தண்டைச் சுற்றிய இலையடியின்) வாயைக் கைலென்ஸில் பார்க்கலாம். அங்கே நீண்ட வெண்மயிர்கள் கற்றையாக நின்றால், கொட்டை மொட்டையாக இருந்தாலும் ஃபிம்பிரிஸ்டைலிஸ் என்று எழுதும் முன் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

இளங்கதிரைப் பறிப்பது

கொட்டை முதிராத செடியில் எதையும் தீர்மானிக்க முடியாது.

அடியை விட்டுத் தண்டை மட்டும் கிள்ளுவது

உறைவாயின் மயிர் கீழே உள்ள இலைகளில்தான் இருக்கிறது; வேரோடு பிடுங்குங்கள்.

பழைய பெயரை அடித்துவிடுவது

கூடாது. ஒரே செடிக்கு மூன்று பேரினப் பெயர்கள் பழைய தாள்களில் கிடக்கின்றன. பழைய சீட்டை அப்படியே விட்டு, புதிய பெயரையும் தேதியையும் எழுதிய தனிச் சீட்டை அதன் அருகே ஒட்டுங்கள்.